கன்னத்தில் அடக்கிய சோறு

என் கையெழுத்து கோட்டை விட்டு ஓடும். எந்த இடத்தில் எந்த 'ல', எந்த 'ர' என்பது எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. பொறுத்துக்கொண்டு படியுங்கள். நாலு பேர் எதிரில் எனக்கு நாக்கு எழாது, அதனால்தான் எழுதுகிறேன்.

பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டி பக்கம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். வருவதெல்லாம் எல்கேஜி, யுகேஜி பிள்ளைகள். காலையில் அபார்ட்மெண்ட் கேட்டில் அம்மாக்கள் கையிலிருந்து வாங்கி டீச்சர் கையில் கொடுப்பேன், மத்தியானம் திரும்ப வாங்கி வருவேன். இரண்டு பக்கமும் பிரியமான கைகள்தான். எல்கேஜி டீச்சர் ஆனேக்கல்லிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். பிள்ளைகளின் மூக்கைத் தன் துப்பட்டாவால் துடைப்பதைப் பார்த்திருக்கிறேன். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்த வகுப்பில் ஒரு பழக்கம். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் டீச்சர் எல்லா டப்பாக்களையும் திறந்து மேஜைமேல் வரிசையாக வைப்பார். போட்டோ எடுத்து அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். வண்டி நேரம் சொல்வதற்காக என்னையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். டப்பா காலியாக இருந்தால் மூடிமேல் தங்க நட்சத்திரம் ஒட்டுவார். உடனே குழுவில் கைதட்டல் படங்கள், பூங்கொத்துகள். யார் டப்பாவிலாவது மிச்சம் தெரிந்தால் அந்த அம்மா 'சாரி மிஸ்' என்று போடுவார். எதற்கு சாரி? பிள்ளைக்குப் பசியில்லை, அவ்வளவுதானே. வழித்து வைத்த எச்சில் டப்பாக்களைத் தினமும் பார்க்க எனக்குக் குமட்டும். சாப்பிட்ட பிள்ளையின் முகம் ஒரு படத்திலும் இருக்காது.

மழை பிடித்ததும் வண்டிக்குள் நாற்றம் கிளம்பியது. பினாயில் ஊற்றிக் கழுவினேன், போகவில்லை. என் சீட்டுக்குப் பின்னால் உட்காரும் ஒரு சிறுமியின் அம்மா, சேலத்துக்காரர், மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார்.

"அண்ணா, வண்டி கழுவறீங்களா இல்லீங்களா? கப்பு அடிக்குதுங்க."

"கழுவுறேன் மேடம்" என்றேன். அதற்குமேல் வரவில்லை.

அன்று வண்டித் தரை விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். அந்தச் சிறுமியின் சீட்டுக்கு அடியில் மென்ற சோறும் சப்பாத்தியும் பசைபோல ஒட்டி, பூஞ்சை பூத்துக் கிடந்தது. தகரத் துண்டால் சுரண்டினேன். எத்தனை தடவை சோப்பு போட்டும் கையில் வாடை போகவில்லை. வாந்தி என்று நினைத்தேன்.

மறுநாள் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். சிறுமியின் ஒரு கன்னம் வீங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த பையன் கத்தினான்.

"அங்கிள், பன்னு இன்னிக்கும் சோறு எடுத்துட்டு வந்திருக்கா!"

"எங்கடா?"

"வாயில!"

வண்டியே சிரித்தது. கன்னத்தை வைத்துத்தான் அவளுக்குப் பன்னு என்று பெயர். அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் இறங்கிய பிறகு, குனிந்து சீட்டுக்கு அடியில் துப்பினாள்.

"ஏன் கண்ணு முழுங்கல?"

"வயிறு ஃபுல்லு அங்கிள். மிஸ்ஸு கடைசி வாய் ஊட்டிட்டாங்க. போட்டோக்கு."

அவள் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "மேடம், பாப்பா சாப்பாடு..."

"தெரியும்ணா! இப்பல்லாம் சூப்பரா சாப்பிடறா. டப்பா பத்தல, பெருசா வாங்கிட்டேன்."

பெரிய டப்பா! காலியாக வந்தால் பசி மிச்சம் என்று அம்மா இன்னும் அள்ளி வைக்கிறார். அள்ளி வைத்ததைக் காலி செய்ய டீச்சர் இன்னும் ஊட்டுகிறார். இரண்டு பேரும் போட்டோவைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார்கள். நடுவில் இருக்கும் வயிறு என் உள்ளங்கை அகலம்கூட இல்லை. சீ என்றிருந்தது.

அடுத்த வாரம் மேம்பாலத்துக்குக் கீழே டிராஃபிக்கில் நின்றிருந்தோம். பின்னால் ஒரு கரகரப்பு. திரும்பினால், சிறுமி அப்படியே தூங்கிப்போய், வாயில் இருந்தது தொண்டையில் இறங்கி மாட்டியிருந்தது. கண் பிதுங்கி, முகம் கறுத்துவிட்டது. பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க அவளை முழங்கால்மேல் கவிழ்த்து முதுகில் தட்டினேன். புதினா சாதம் உருண்டையாக என் கால்மேல் விழுந்தது. அப்புறம்தான் அழுகை வந்தது, அவளுக்கும் எனக்கும்.

அந்த உருண்டையைச் செய்தித்தாளில் எடுத்து வைத்திருந்தேன். கேட்டில் அம்மாவிடம் நீட்டினேன். அவர் பின்வாங்கினார்.

"ஐயே, என்னண்ணா இது?"

"பாப்பா தொண்டையிலேர்ந்து வந்தது. மூச்சு நின்னுடுச்சு மேடம். டெய்லி வாயிலயே வெச்சுட்டு வருது."

"போட்டோ வந்துச்சே! டப்பா காலின்னு..." அங்கேயே டீச்சருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார்.

"மிஸ், குழந்தைக்கு மூச்சு அடைச்சுப் போச்சு. ஊட்டச் சொன்னா இப்படித் திணிப்பீங்களா?"

"அய்யோ தேவரே! பாப்பா சென்னாகிதாளா?" பாப்பா நன்றாக இருக்கிறாளா என்று கேட்க, டீச்சருக்குப் பதற்றத்தில் கன்னடம்தான் வந்தது. அப்புறம் தமிழுக்கு வந்தார். "நீங்கதானே மேடம் கை கூப்பிக் கூப்பி மெசேஜ் போட்டீங்க, ஒரு வாய்கூட மிச்சம் வைக்க விடாதீங்கன்னு? நட்சத்திரம் இல்லைன்னா நீங்க எல்லாரும் என்னைச் சும்மா விடுவீங்களா?"

டீச்சர் குரல் கேட்டதுமே சிறுமி எங்கள் இருவருக்கும் நடுவில் வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினாள். காலி என்று. யாரும் காட்டச் சொல்லவில்லை. அம்மா கீழே உட்கார்ந்து அவள் வாயைத் தன் கையால் மூடினார்.

"போதும்டா. இனிமே காட்ட வேண்டாம்."

இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சிறுமிக்கு இப்போது சின்ன டப்பா. மிச்சம் வைத்தால் டீச்சர் மூடி அனுப்புகிறார், அம்மா கேட்டிலேயே திறந்து அதைத் தான் சாப்பிட்டுவிடுகிறார். சீட்டுக்கு அடியில் அவள் இடம் சுத்தமாக இருக்கிறது.

ஆனால் போட்டோ நிற்கவில்லை. அவள் டப்பாவை மட்டும் ஓரமாக எடுத்துவைத்துவிட்டு எடுக்கிறார்கள். ஒரு டப்பா குறைகிறதே என்று குழுவில் யாரோ கேட்டதற்கு, அந்த அம்மாவும் பதில் போடவில்லை, டீச்சரும் போடவில்லை. இரண்டு பேருக்கும் மற்ற அம்மாக்களிடம் பயம். எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை கடைசி சீட்டில் வேறொரு பிள்ளையின் கன்னம் வீங்கியிருந்தது. வண்டியை ஓரம்கட்டி, கையை நீட்டி, இதில் துப்பு என்றேன். துப்பியது. இதைக் குழுவில் எழுத வேண்டும் என்றுதான் முதலில் காகிதத்தில் எழுதிப் பார்க்கிறேன். நாளை காலை பிள்ளைகளை ஏற்றுவதற்கு முன்னால் இந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டுவிடுவேன்.

14-07-2024, ஞாயிறு.