சத்தியமங்கலத்தில் ஒரு டர்ன்டேபிளும் ஓர் இருமலும்

என் கணவரின் நினைவாகப் பழைய ரெக்கார்டு பிளேயர் வாங்கினேன் என்று எங்கள் தேவாலயப் பங்கில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. அவர் ரேடியோவில் செய்தி முடிந்ததும் எழுந்து அணைத்துவிடுவார். வாங்கியது எனக்காக, ஒரு கேள்விக்காக.

கான்வென்டில் படித்தபோது எங்கள் பாடகர் குழு ஓர் இசைத்தட்டு பதிவுசெய்தது. அதில் மூன்றாவது பாட்டின் நடுவே ஒருத்தி தனியாகப் பாடுவாள். அது நான். இல்லை, தான்தான் என்கிறாள் என் வகுப்புத் தோழி ஸ்டெல்லா. உறையில் பெயர் இல்லை. பங்குத் திருவிழாவில் யாரோ கொண்டுவந்த பெட்டி பிளேயரில் என்னிடமிருந்த தட்டைப் போட்டார்கள். தடித்த குரலொன்று வந்தது. "ஸ்டெல்லா அக்காவேதான்!" என்று எல்லோரும் கைதட்டினார்கள். அவளுக்கு அன்றும் இன்றும் கனத்த குரல், எனக்கு மெல்லியது. அந்தப் பிளேயர் மெதுவாகச் சுற்றுகிறது என்று சொன்னேன். என் காதில்தான் கோளாறு என்றார்கள்.

தட்டு மெதுவாகச் சுற்றினால் குரல் இறங்கிவிடும். ஆகவே வேகம் பிசகாத பிளேயர் வேண்டும். பழைய ஜப்பானியப் பிளேயர்களில் டைரக்ட் டிரைவ் வகை உண்டு. இசைத்தட்டைத் தாங்கும் சுழல்தட்டு மோட்டாரின் அச்சிலேயே உட்கார்ந்திருக்கும். இற்றுப்போவதற்கு ரப்பர் பெல்ட் கிடையாது. என் வரம்பு இருபதாயிரம் ரூபாய். வெள்ளகோவிலில் ஒன்று பார்த்தேன். சுழல்தட்டைத் தூக்கினால் அடியில் பெல்ட். திரும்பிவிட்டேன். அடுத்த விளம்பரம் சத்தியமங்கலத்திலிருந்து வந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை ஏழரைக்கு கோவை ராமநாதபுரத்திலிருந்து வாடகைக் காரில் கிளம்பினேன். போக வர மூவாயிரம் ரூபாய். வழியில் சரவணம்பட்டியில் ஸ்டெல்லாவை ஏற்றிக்கொண்டேன். சாட்சி இல்லாமல் கேட்டு என்ன பயன்?

கார் அன்னூரைத் தாண்டுவதற்குள் டிரைவர் முருகேசனுக்கு முழுக் கதையும் சொல்லிவிட்டாள். "எனக்கு அன்னிக்குப் பயங்கரச் சளி, தம்பி. மத்தவளுகளுக்கு ஒரு தும்மல்கூட இல்ல. அந்தச் சளியோடயே நின்னு பாடிப்போட்டேன்."

"ஏனுங்கம்மா, அப்ப இந்தம்மா என்ன பண்ணிட்டிருந்தாங்க?" என்று கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டான் முருகேசன்.

"பின்னால நின்னு வாயசைச்சா."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பத்து மணிக்குள் போய்ச் சேர்ந்தோம், ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். விற்பவர் பழனிசாமி, ஊருக்கு வெளியே தோட்டத்து வீட்டில் இருக்கிறார். மஞ்சள் வியாபாரம். பழைய ஆடியோ சாமான் சேர்ப்பதும் விற்பதும் அவருடைய பொழுதுபோக்கு.

"வாங்க அம்மணி, வாங்க. மொதல்ல மோர் குடிங்க, அப்புறம் மிஷினு."

"மொதல்ல மிஷினு" என்றேன்.

பின்பக்கத் தகட்டைப் படித்தேன். நூறு வோல்ட் என்றிருந்தது. அதாவது ஜப்பானுக்குள் விற்கச் செய்தது. நம் வீட்டுப் பிளக்கில் நேராகச் செருகினால் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அவரிடம் இருந்தது. சுழல்தட்டின் விளிம்பில் நான்கு வரிசைப் புள்ளிகள். பக்கத்தில் இருக்கும் சிறு விளக்கின் வெளிச்சத்தில் அவை அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி. எனக்கு ஓடின.

"ஓடுதே" என்றேன்.

"அம்மணி, நீங்க பாக்கற வரிசை அறுபது சைக்கிள் கரண்டுக்கு. நம்மூருக்கு அம்பது. கீழ் வரிசையப் பாருங்க."

பார்த்தேன். அதுவும் மெல்ல நகர்ந்தது. வேகத் திருகைக் கடுகளவு திருப்பினார். நின்றுவிட்டது. கால் மணி நேரம் சுற்றவிட்டுக் காத்திருந்தேன். மோரும் குடித்தேன். புள்ளிகள் நின்றது நின்றபடியே இருந்தன.

பழைய ஊசியை என் தட்டில் வைக்க மாட்டேன் என்று மூவாயிரத்து இருநூறுக்குப் புது ஊசி கையோடு கொண்டுபோயிருந்தேன். அதைப் பொருத்தி, அது தட்டை அழுத்தும் எடையைச் சரிபார்த்து, முதலில் அவருடைய கீறல் விழுந்த தட்டொன்றில் சோதித்தோம். பிறகுதான் எங்களுடையது.

மூன்றாவது பாட்டு. குழு ஓய்ந்தது. தனிக்குரல் எழுந்தது. மெல்லிய குரல், மேல் ஸ்தாயியில் நின்றது. நான் ஸ்டெல்லாவைப் பார்க்கவில்லை.

"ஏனுங், நடுவுல ஆரோ இருமறாங்களே?" என்றார் பழனிசாமி.

"இன்னொருக்கா போடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

போட்டார். பெட்டி பிளேயரின் இரைச்சலில் கேட்காமல் போனது இப்போது தெளிவாகக் கேட்டது. தனிக்குரல் பாடிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து கனத்த, அடக்கப் பார்த்து அடங்காத இருமல். ஒரே தொண்டை ஒரே நேரத்தில் பாடவும் இருமவும் முடியாது. மூன்றாம் முறையும் போடச் சொன்னாள்.

இருபத்திரண்டாயிரம் கேட்டவர், டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துப் பதினாறாயிரத்து ஐந்நூறுக்குக் கொடுத்தார். ஊசியோடு என் வரம்புக்குள் முடிந்தது.

திரும்பும்போது புளியம்பட்டியில் டீ குடித்தோம். "ஏனுங்கம்மா, பாடுனது ஆருங்க?" என்று முருகேசன் கேட்டான்.

"மிஷின் நல்ல மிஷின்தான்" என்றாள் ஸ்டெல்லா.

நீங்களும் வாங்கப் போவதாக இருந்தால், நேரில் ஓடவிட்டுப் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். சுழல்தட்டைத் தூக்கி அடியில் பெல்ட் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி தாங்கும் கை தடையில்லாமல் நகர வேண்டும், அச்சில் ஆட்டம் இருக்கக்கூடாது. ஊசிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்குங்கள். காரில் வரும்போது சுழல்தட்டைக் கழற்றித் தனியே சுற்றி வையுங்கள், ஊசிக் கையைக் கட்டிவிடுங்கள். உங்களைப் பற்றி உங்களிடமே இல்லாததும் பொல்லாததும் சொல்கிறவர் யாராவது இருந்தால் அவரையும் கூட்டிப்போங்கள்.

ஸ்டெல்லா, இந்த இணையப் பக்கத்தை நீ படிக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போனில் வேண்டாம். அந்த இருமல் யாருடையது என்று இதன் கீழே உன் பெயர் போட்டு எழுது.