பொருள்: வீட்டுக்காரர்

என் மனைவியின் கைப்பையைத் திறந்தால் ஒரு ஸ்பாஞ்சு, பாதி அழுகிய தக்காளி, ஒற்றைச் செருப்பு, இவையெல்லாம் இருக்கும். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்ற கவலை எனக்குத்தான். அவளுக்குக் கிடையாது.

செயற்கைக் கை செய்கிற ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. அங்கே விரலுக்கு விரல் சென்சார் வைத்துத் தைத்த ஒரு கையுறை உண்டு. அதை மாட்டிக்கொண்டு எதைப் பிடித்தாலும், எந்த விரல் எவ்வளவு அழுத்தியது, பிடித்த பொருள் எந்தப் பக்கம் இழுத்தது என்பதெல்லாம் கம்ப்யூட்டரில் கோடுகளாகப் பதிவாகும். அதைப் பார்த்துத்தான் செயற்கைக் கை பிடிக்கக் கற்றுக்கொள்கிறது. ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்ட அந்தப் பதிவுகளை, கேட்டவுடன் கிடைக்கிற மாதிரி அடுக்கி வைப்பது இவள் பொறுப்பு. கூட வேலை செய்கிறவர்கள் இவளுக்கு வைத்திருக்கும் பெயர் பீரோ. "பீரோக்கா, ஈரக் கண்ணாடி டம்ளர்!" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், உடனே திரையில் வந்து நிற்கும்.

வீட்டில் மட்டும் என் சாக்ஸ் ஒன்று இருந்தால் ஒன்று இருக்காது. கேட்டால், "அது உங்க டிபார்ட்மென்ட்" என்பாள்.

அவள் அடுக்குவதில் ஒரு கூத்து உண்டு. மற்றவர்கள் கப்பு, சோப்பு, துண்டு என்று பொருளின் பெயரை வைத்து அடுக்குவார்கள். இவள் அதையும் செய்வாள். செய்துவிட்டு, பிடித்தபோது அது என்ன செய்தது என்று பார்த்து இன்னொரு தரமும் அடுக்குவாள். சும்மா இருந்தது, நசுங்கியது, வழுக்கியது, திமிறியது.

"சோப்பு சோப்புதானே? எதுக்கு ரெண்டு வேலை?" என்றேன் ஒரு நாள்.

"காய்ஞ்ச சோப்பு சும்மா இருக்கும், ஈர சோப்பு வழுக்கும். கைக்குப் பேரா முக்கியம்? அது என்ன பண்ணப் போகுதுங்கறதுதானே முக்கியம்?"

நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லை. வீட்டில் இதுதான் கதி.

கையுறை சில நாள் வீட்டுக்கும் வரும். அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஆசை ஆசையாய் வாங்கிய புது மூக்குக்கண்ணாடியை எடுத்து, "மெல்லிசா ஒண்ணு வேணும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள். காம்பு வளைந்துவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! "உனக்கு வீடும் லேபும் ஒண்ணா?" என்று கத்திவிட்டு எழுந்தேன். அவள் கையுறையோடே என் கையைப் பிடித்தாள். உதறினேன், இழுத்தேன். "என்னங்க... என்னங்க..." என்று கூடவே வந்தாள். அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாகத்தான் எனக்கு ஞாபகம். கண்ணாடி இன்றும் ஒரு காதில் கோணலாகத்தான் உட்காருகிறது.

அதன் பிறகுதான் ஒரு பெயின்டர் அவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். விபத்தில் வலது கையை இழந்தவர். இரட்டைப் பெண் குழந்தைகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தார்கள். ரோட்டைக் கடக்கும்போது இடது கையில் ஒருத்தி இருப்பாள். இன்னொருத்தி அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு வருவாள். ஒரு நாள் அவள் சட்டையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறாள். லாரிக்காரர் சட்டென்று பிரேக் போட்டதால் பிள்ளை பிழைத்தது.

"எனக்கு பிரஷ் பிடிக்க வேணாம்மா. இவளைப் பிடிச்சா போதும்," என்றாராம்.

செயற்கைக் கையைப் பொருத்தினார்கள். டம்ளரை எடுத்தது, முட்டையை உடையாமல் வைத்தது. குழந்தையின் கைக்குப் பதிலாக ஒரு ரப்பர் குழாயைப் பிடிக்க வைத்து மறுமுனையை இழுத்தபோதுதான் சிக்கல். நழுவுகிறது என்று நினைத்து, இழுக்க இழுக்க இறுக்கிக்கொண்டே போனது. குழாய் சப்பையாகிவிட்டது. பெயின்டர் அதை இடது கையில் எடுத்துப் பார்த்தார்.

"வேணாம்மா, அவ சட்டையையே பிடிச்சுக்கட்டும்," என்று எழுந்துவிட்டார்.

அன்று வீட்டுக்கு வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கேட்டுக் கேட்டு நடந்ததைச் சொல்ல வைத்தேன்.

"பதிவுகள்ல எல்லாரும் தேடிப் பார்த்தீங்களா?" என்றேன்.

"குழந்தை கைன்னு போட்டுத் தேடினோம். இருந்தாத்தானே கிடைக்கும்? யாரு பிள்ளையைக் கூட்டிட்டு வந்து இழுக்க விடுவாங்க?"

"சோப்புக்கு அவ்வளவு வாய் பேசினியே, அந்த இன்னொரு அடுக்கு என்னாச்சு?"

"திமிறினதுல என்னங்க இருக்கு? பக்கத்து வீட்டுப் பூனை, தண்ணி பீய்ச்சற ஹோஸ், அப்புறம்..." என் முகத்தைப் பார்த்து அப்படியே நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"ஒண்ணுமில்ல," என்று சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சில வாரம் கழித்து, பெயின்டர் தன் பெண்ணோடு வருகிறார், நீங்களும் வாருங்கள் என்றாள். பாதி நாள் லீவு போட்டுப் போனேன். உள்ளே நுழைந்ததும் எதிரே பெரிய திரை. அதில் கொட்டை எழுத்தில்: பொருள்: வீட்டுக்காரர். நிலை: கோபம்.

என் மானம் கப்பலேறிவிட்டது.

"அன்னிக்குக் கையுறை ஆன்ல இருந்துச்சுங்க," என்றாள் மெதுவாக.

"சார், நீங்கதானா அது!" என்று அவர்களுடைய தலைமை இன்ஜினியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பூனை பிறாண்டிட்டு ஓடிப்போச்சு. நீங்க ஒருத்தர்தான் எங்களுக்கு ஒழுங்கா திமிறிக் காட்டினவர். அதை வெச்சுத்தான் கைக்குக் கத்துக்கொடுத்தோம்." நான் அசடு வழிய நின்றேன்.

பெயின்டரின் பெண், சட்டையைப் பிடித்துக்கொண்டு வருகிறவள், அப்பாவின் செயற்கைக் கைக்குள் தன் கையை வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு நாய் போனது. அவ்வளவுதான், ஒரே இழுப்பு! கை இறுக்கவில்லை. அவள் போன பக்கம் கொஞ்சம் கூடவே போய் நின்றது. மறுபடி இழுத்தாள். மறுபடியும் அப்படியே.

"அப்பா, விடுப்பா!"

வலிக்கிறது என்று சொல்லவில்லை. விடு என்றுதான் சொன்னாள்.

"விட மாட்டேன் போடி," என்றார் பெயின்டர். அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. எனக்கும்தான், சொல்ல என்ன வெட்கம்?

எல்லாரும் அவர்களைச் சுற்றி நின்றபோது நான் திரையைப் பார்த்தேன். வாத்தியார் புத்தி, கோட்டைக் கண்டால் படிக்காமல் இருக்க முடியாது. நான் இழுத்தது ஒரு கோடு, தாம்தூம் என்று மேலும் கீழும் குதித்திருந்தது. என் மனைவி அழுத்தியது இன்னொரு கோடு. அது ஏறவே இல்லை.

"நீ இறுக்கவே இல்லையே?"

"இறுக்கினா உங்களுக்கு வலிக்கும்ல?"

"அப்புறம் ஏன் நான் போகல?"

"அதை என்னைக் கேட்டா? கடைசிவரைக்கும் பாருங்க."

பார்த்தேன். சீக்கிரமே என் கோடு அடங்கிப் படுத்துவிட்டிருந்தது. அவளுடையது மட்டும் திரையின் ஓரம்வரை போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரம் என் கை அவள் கையில்தான் இருந்திருக்கிறது. கோபமாக இருந்தேனாம், நான்!

வெளியே வந்தோம். ரோட்டைக் கடக்க வேண்டியிருந்தது. அவள் கையைப் பிடித்தேன்.

"ஐயோ, எல்லாரும் பார்க்கறாங்க, விடுங்க," என்று இழுத்தாள்.

நான் இறுக்கவில்லை. கூடவே போனேன்.