மூடி பறந்த நாள்

ஆய்வுகூடத்தில் பேராசிரியர் உருகிய கற்குழம்பை ஈரமணலில் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கசிந்தது, அவ்வளவுதான்.

"கசிய வழியுள்ள நிலமென்றால் இப்படித்தான். இறுகிய பாறைக்குள் நிலத்தடி நீர் அடைபட்டுச் சூடேறினால், எரிமலையே வெடித்துச் சிதறும்" என்றார்.

எரிமலை என்றால் சோற்றையும் மறப்பவன் நான். ஆனால், இடைப்பருவப் பரீட்சைகள் முடிந்த அலுப்பில் இருந்த என்னை, அந்தப் 'புஸ்' கனடாவின் ஸ்காபரோவில் எங்கள் ஒன்பதாம் மாடிச் சமையலறைக்கு இழுத்துப் போனது.

எனக்கு அப்போது எட்டு வயது. இரண்டு வேலை செய்த அம்மா, தாச்சிச் சட்டியில் எண்ணெயைக் கொதிக்கவிட்டு, கதிரையில் இருந்தபடியே கண்ணயர்ந்துவிட்டார். உதவுகிறேன் என்று, ஐஸ் பிடித்துக் கிடந்த அறக்குளா மீன் துண்டொன்றை எண்ணெயில் போட்டேன். தெறிக்குமென்று மூடியைப் போட்டு அழுத்தினேன். உருகிய நீர் எண்ணெய்க்கு அடியில் இறங்கி ஆவியானது; மூடி பறந்தது. ஓடிவந்து என்னை இழுத்த அம்மாவின் கை பொசுங்கிவிட்டது.

வேலையால் வந்த அப்பா, "என்னப்பா இது?" என்றார்.

"நித்திரைத் தூக்கத்தில நான்தான் ஐஸ் மீனைப் போட்டிட்டன்" என்றார் அம்மா.

அப்பா மருந்து பூசிவிட்டு, அடுத்த வேலைக்குப் போனார்.

இன்று வகுப்பு முடிந்ததும் அம்மாவை அழைத்தேன்.

"அம்மா, அண்டைக்கு மீன் போட்டது நான் எண்டு அப்பாட்டைச் சொல்லப் போறன்."

"அவருக்கு அண்டைக்கே தெரியுமடா. உன்ரை சட்டையெல்லாம் எண்ணெய்தானே. உனக்கு ஏச எங்கள் ரெண்டு பேருக்குமே பெலன் இருக்கேல்லை."