நாற்பத்தாறைப் பார்த்து நடுங்கியவர்

அந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு, அவரோடு வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் பம்பரம். அவர் உட்கார்ந்து டீ குடித்து யாரும் பார்த்ததில்லை. அப்பாவை நாற்பத்தாறு வயதில் வயிற்றுப் புற்றுநோய் கொண்டுபோனது. பெரியப்பாவையும் அதே வயதில், அதே நோய். அடுத்தது தானேதான் என்று பதினேழு வயதிலேயே முடிவுகட்டிவிட்டார். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "ஒருத்திய அழவைக்கவா?" என்று எழுந்து போய்விடுவார்.

தங்கை பஸ் கண்டக்டர், அண்ணனுக்கு நேர் எதிர். "எனக்கு அம்மா வயிறு. கல்லைப் போட்டாலும் கரைஞ்சிடும்" என்று சிரிப்பாள்.

நாற்பத்தைந்து முடியும் வருஷம் அவருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. குடும்பக் கதையைக் கேட்ட டாக்டர் இருவருக்கும் ரத்தப் பரிசோதனை எழுதினார். முடிவு சொன்ன அன்று தங்கை நாற்காலியில் இருந்தாள், அவர் கதவருகே நின்றார்.

"வயித்துல ஒரு கிருமி இருக்கும். நிறைய பேருக்கு அது ஒண்ணும் பண்ணாது. சிலருக்கு மரபணுவே, அந்தக் கிருமியை எதிர்க்கப் போய் வயிறு அளவுக்கு மீறிச் சிவந்து அழற்சியாகிற மாதிரி அமைஞ்சிருக்கும். வருஷக்கணக்கா அது கனன்னுகிட்டே இருந்தா, புற்றுநோய் வர வாய்ப்பு கொஞ்சம் கூடும். உங்க தங்கைக்கு அந்த அமைப்பு இருக்கு. உங்களுக்கு இல்ல."

"தாள் மாறிப்போச்சா டாக்டர்?" என்று கேட்டார் அவர்.

"ரெண்டு தடவை பாத்தாச்சு. அதுக்காக உங்களுக்கு வரவே வராதுன்னும் இல்ல, அவங்களுக்குக் கட்டாயம் வரும்னும் இல்ல. ரெண்டு பேருக்கும் வாய் வழியா குழாய் விட்டு வயித்தப் பாத்துடலாம்."

இத்தனை வருஷம் தனக்காகப் பயந்தவர், இப்போது தங்கையின் நாற்காலிக்குப் பின்னால் வந்து அதன் முதுகைப் பிடித்துக்கொண்டார். தங்கையின் சிரிப்பு பாதியில் நின்றது. ஆனாலும் வெளியே வந்ததும், "எனக்கு டியூட்டி இருக்கு, அப்புறம் பாக்கலாம்" என்று நழுவிவிட்டாள்.

மறுநாள் அவர் லீவு போட்டுவிட்டு அவள் பஸ்ஸில் ஏறினார். காலி இருக்கைகள் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு டிரிப், இரண்டு, மூன்று.

"அண்ணே, இறங்கித் தொலையேன்! எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். நீ தேதி சொல்லு, இறங்கறேன்."

நாலாவது டிரிப்பில் விசில் கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், "வியாழக்கிழமை" என்றாள். "நீயும் கூட வரணும். எனக்குப் பயமா இருக்கு."

வியாழக்கிழமை இருவருக்கும் குழாய் விட்டார்கள். இரண்டு வயிற்றிலும் கிருமி இருந்தது. அவளுடையது நன்றாகச் சிவந்திருந்தது, ஆனால் இருவருக்கும் புற்று இல்லை. பதினான்கு நாள் மாத்திரை. வாயெல்லாம் இரும்புக் கசப்பு என்று அவள் போனில் திட்ட, எனக்கும்தான் என்று அவர் பதிலுக்குத் திட்டினார். இரண்டு மாதம் கழித்து மூச்சை ஊதவைத்துச் சோதித்ததில் இருவரிடமும் கிருமி இல்லை. தங்கை மட்டும் இரண்டு வருஷம் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும் என்றார் டாக்டர்.

அவர் நேரே வரவேற்பு மேசைக்குப் போய், அந்தத் தேதியை இப்போதே குறிக்கச் சொன்னார்.

"அந்த வருஷத்துக்கு இன்னும் நோட்டே போடல சார்" என்றாள் அங்கிருந்த பெண்.

"எப்ப போடுவீங்க?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே நின்றார்.