நாலாவது கிளை

மும்பையில் ஒரு கடையின் ஷட்டர் இறங்கியிருந்தால் யாரும் காரணம் தேடி மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. பக்கத்துக் கடைக்காரர் தலையைக்கூட நிமிர்த்தாமல் "காவ் கயா" என்பார். ஊருக்குப் போயிருக்கிறார், அவ்வளவுதான். கல்யாணமா, காய்ச்சலா, கருமாதியா, எல்லாம் அதில் அடக்கம். வந்த புதிதில் எனக்கு இது பெரிய விநோதமாக இருந்தது. நம் பக்கத்தில் ஒருத்தர் ரெண்டு நாள் வெளியே தலைகாட்டாவிட்டால் அவர் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது என்பதுவரை தெருவுக்குத் தெரிந்துவிடும். இங்கே எல்லோருக்கும் ஓர் ஊர் உண்டு. அது எங்கே இருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. அப்படிக் கேட்காமல் விட்டதால்தான் போன வருஷம் என் மாமா சாகப் பார்த்தார்.

என் பிழைப்பு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நெஞ்சிலிருந்து வயிற்றுக்கு இறங்கும் பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு நடுவில் பலூன் மாதிரி வீங்கிவிடும். வெடித்துவிட்டால் ஆளைக் காப்பாற்றுவது மிகவும் கஷ்டம். முன்பெல்லாம் உடம்பைப் பிளந்துதான் சரிசெய்வார்கள். இப்போது கம்பி வளையங்கள் வைத்துத் தைத்த துணிக்குழாய் ஒன்றைச் சுருக்கி, தொடை வழியாக உள்ளே அனுப்பி, வீங்கிய இடத்தில் விரியவைக்கிறார்கள். அதற்கு ஸ்டென்ட் கிராஃப்ட் என்று பெயர். ரத்தம் துணிக்குள்ளேயே ஓடிவிடும், வீக்கத்தின் மேல் அழுத்தம் விழாது. சிக்கல் என்னவென்றால், பல பேருக்கு அந்த இடத்திலிருந்துதான் ஈரலுக்கும் குடலுக்கும் இரண்டு சிறுநீரகங்களுக்கும் கிளைக்குழாய்கள் பிரிகின்றன. வெறும் குழாயை வைத்தால் நாலும் அடைபட்டுப் போகும். ஆகவே அந்த ஆளின் ஸ்கேனைப் பார்த்து, எந்தக் கிளை எந்த இடத்தில் எந்தச் சாய்வில் பிரிகிறது என்று அளந்து, துணிக்குழாயிலும் கிளைகள் வைத்து வரைய வேண்டும். நவி மும்பையில் ஒரு சின்ன கம்பெனியில் நான் செய்வது அதைத்தான். ஒருவருக்காக வரைந்தது இன்னொருவருக்குப் பொருந்தாது.

இதை மாமாவுக்கு விளக்கியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குழாய் வேலைன்னு சொல்லிட்டுப் போயேன்" என்றார். அன்றிலிருந்து தாராவியில் அவர் சந்து முழுக்க நான் 'பைப் கம்பெனி' ஆகிவிட்டேன். எதிர்வீட்டு மராட்டிக்கார அம்மா ஒருநாள் ஒழுகுகிற குழாயைப் பார்க்க என்னைக் கையோடு அழைத்துப்போனாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன், வாஷர் தேய்ந்திருந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. மீசை முளைத்த வயதில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். விசேஷங்களுக்குப் பாத்திரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறார். கீழே கடை, அண்டாவும் தவலையும் கூரைவரை அடுக்கியிருக்கும். வெளிச்சுவரோடு செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி, பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, மேலே ஒற்றை அறை. இஞ்சினியரிங் முடித்து வேலைக்கு வந்த நான் கல்யாணமாகி சான்பாடாவுக்குப் போகும்வரை அந்த அறையில்தான் இருந்தேன். சேலை கட்டிக்கொண்டு அந்த ஏணியில் இறங்க எனக்குக் கற்றுக்கொடுத்தது அத்தை. அவள் அந்தச் சந்திலேயே பிறந்தவள்.

சிறுநீரகக் கல் என்று எடுத்த ஸ்கேனில் மாமாவின் வீக்கம் அகப்பட்டது. நான் தினம் தினம் பார்க்கிற வீக்கம்தான். ஆனால் அவை எல்லாம் நம்பர்கள், பெயர் கிடையாது. ஊரிலிருந்து ஒவ்வொருவராகப் போன் போட்டு, "பேசாம இங்க கூட்டிட்டு வந்துருங்க" என்றார்கள். தாராவியில் அதுதான் வழக்கம். சம்பாதிப்பது இங்கே, பெரிய நோய் வந்தால் ரயில் ஏறிவிட வேண்டும். நான் எல்லோரிடமும் சண்டை போட்டு மாமாவை இங்கேயே நிறுத்தினேன். சொந்தக்காரருக்கு நாமே வரையக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் விதி. என்னோடு வேலை பார்க்கும் ஸ்வாதி வரைந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு கோட்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீக்கத்தின் சுவரிலிருந்து முதுகுத்தண்டுக்கும் பொடிப்பொடியாக ரத்தக்குழாய்கள் போகின்றன. வீக்கத்துக்குப் போகும் ரத்தத்தை ஒரே நாளில் நிறுத்தினால் தண்டு பட்டினி கிடக்கும், கால்கள் விழுந்துவிடலாம். அதனால் மூன்று கிளைகளை இணைத்துவிட்டு நாலாவதை வேண்டுமென்றே திறந்து விட்டார்கள். அதன் வாய்வழியே பழைய இடத்துக்கும் கொஞ்சம் ரத்தம் போய்க்கொண்டிருக்கும். சில வாரங்களில் தண்டு வேறு வழியில் ரத்தம் வாங்கப் பழகிக்கொள்ளும், பிறகு நாலாவதையும் இணைத்து மூடிவிடலாம். அதுவரை வீக்கம் வெடிக்கிற பயம் மட்டும் இருந்துகொண்டே இருக்கும்.

முதல் கட்டம் நன்றாக முடிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் மாமாவின் தோளைத் தட்டி, "அப் ஆராம் கரோ" என்றார். மாமா பணிவாக, "காவ் மே கரூன்?", அதாவது ஊரில் ஓய்வெடுக்கட்டுமா, என்று கேட்டிருக்கிறார். டாக்டரும் "கரோ, கரோ" என்று சொல்லியிருக்கிறார். ஓய்வெடு என்றால் மாமாவுக்கு ஊர்தான். பம்பாயில் யாராவது ஓய்வெடுப்பார்களா? அந்த ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது பையும் கட்டியாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. தலையில் அடித்துக்கொண்டு டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"போகட்டுமே, காற்று மாறினால் நல்லதுதானே?" என்று இந்தியில் சொன்னார் டாக்டர்.

"டாக்டர், அவர் ஊர் திருநெல்வேலிக்கும் தெற்கே. ரயிலில் ஒன்றரை நாள்."

டாக்டருடைய காவ் சாத்தாரா பக்கம். காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீடு. அவர் மனசில் இருந்த காவ் அதுதான். தூரத்தைக் கேட்டதும் பதறிப்போய், கூடவே கூடாது, வழியில் வெடித்தால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"முன்ன சரின்னாரு, இப்பக் கூடாதுங்காரு. நான் எதக் கேக்க?" என்றார் மாமா. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஸ்கேனையும் வரைபடத்தையும் மறுபடி எடுத்துக் கடைபரப்பினேன். அவர் கையமர்த்தினார். "ஏ புள்ள, எல்லாம் வெளங்குது. ஒண்ணே ஒண்ணு மறைக்காமச் சொல்லு. அந்த நாலாவத மூடும்போது காலு போவுமா, போவாதா?"

"போகாம இருக்கத்தான் மாமா இவ்வளவும். ஆனா போகவே போகாதுன்னு யாராலயும் சொல்ல முடியாது."

"அப்படிச் சொல்லு. போச்சுன்னா இந்த ஏணியில என்னய யாரு தூக்கிட்டு ஏறுவா? ஊர்லன்னா தரையில கெடப்பேன். வாரவன் போறவன் மொகத்தயாவது பாப்பேன்."

ஒரு மில்லிமீட்டர் தவறாமல் குழாய் வரைகிற நாங்கள் யாரும் அந்த ஏணியை நினைத்துப் பார்க்கவே இல்லை.

அப்போதுதான் அத்தை குறுக்கிட்டாள். "நீங்க போங்க. நான் வரல."

மாமா திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு ஏது ஊரு? நான் பொறந்தது இந்தச் சந்துல. அங்க உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாரக் கூப்பிடுவேன்? இங்க ஒரு சத்தம் போட்டா நாலு வீட்டாளுங்க ஓடி வருவாங்க. ஏணிதான உங்களுக்குப் பிரச்சன? அண்டாவுக்கு என்ன காலா வலிக்கப் போவுது? அத மேல ஏத்துங்க, நாம கீழ எறங்குவோம்."

அப்படியே செய்தார்கள். சந்துக்காரர்கள் கயிறு கட்டி ஒவ்வொரு அண்டாவாக மேலே இழுத்தார்கள். "பாரம் தூக்கக்கூடாது" என்று எதிர்வீட்டு மராட்டி அம்மா மாமாவை ஒரு நாற்காலியில் உட்காரவைத்துக் காவல் நின்றாள். சாயங்காலத்துக்குள் மேலே இருந்த கட்டிலும் சாமிப்படமும் கீழே, பாத்திரமெல்லாம் மேலே. மாமா டிக்கெட்டை என்னிடம் நீட்டி, "கேன்சல் பண்ணிரு" என்றார்.

இரண்டாவது கட்டத்தில் முழு மயக்கம் கொடுக்கவில்லை. காலை அசைக்கச் சொல்லிச் சொல்லி, பார்த்துப் பார்த்துத்தான் நாலாவது கிளையை இணைத்தார்கள். இரண்டு காலும் அசைந்தன. நானும் ஸ்வாதியும் கேன்டீனில் வடாபாவ் வாங்கிச் சாப்பிட்டோம். மறுநாள் காலையில் இடது கால் எழவில்லை. சில பேருக்கு இப்படி ஒருநாள் தள்ளி வருவது உண்டு, எனக்கும் தெரியும், தெரிந்து என்ன? என்னென்னவோ செய்து பார்த்தார்கள். தொடைக்குக் கொஞ்சம் பலம் திரும்பியது, முழங்காலுக்குக் கீழே உணர்ச்சி வரவே இல்லை. ஸ்வாதி என் முகத்தைப் பார்க்க முடியாமல் "ஸாரி" என்றாள். அவள் வரைந்ததில் ஒரு குறையும் இல்லை. வீக்கம் அடங்கிவிட்டது, நாலு கிளையிலும் ரத்தம் ஓடுகிறது. நான் வராந்தாவில் நின்று ஓவென்று அழுதேன். "ஆளு இருக்காருல்லா, அழாத" என்று என்னை உலுக்கினாள் அத்தை. அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் போகும்போது ஷட்டர் முக்கால்வாசி இறங்கியிருக்கும். கட்டில் வாசலை ஒட்டி இருப்பதால் வெயிலுக்காக அத்தை இறக்கிவிடுவாள். போன வாரம் உள்ளே உட்கார்ந்து மாமாவின் காலை நீவிவிட்டுக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ பாத்திரம் கேட்டு வந்தவன், மாமாவைப் பற்றிப் பக்கத்துக் கடையில் "சேட் காவ் கயா க்யா?" என்று விசாரிப்பது கேட்டது.

மாமா படுத்தபடியே தலையைத் தூக்கி, சந்து அதிர, "நை கயா! இதரிச் ஹை!" என்று கத்தினார். போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்று. அத்தை எழுந்து ஷட்டரைத் தூக்கப் போனாள்.

அவர் தலையணையில் சாய்ந்து, நான் பிடித்திருந்த இடது காலைப் பார்த்தார். என் கை பட்டது அதற்குத் தெரியாது.

"இது மட்டுந்தான் புள்ள காவ் கயா" என்றார்.