உப்புக் கொட்டகையின் பூட்டு

மரக்காணம் உப்பளத்தில் தனகோடி முதன்முதலாகக் கூடை தூக்கியபோது அவளுக்குத் தாவணி வயது. இப்போது மருமகள் வந்தாயிற்று. அதே பிரபாகரன் வீட்டு அளத்தில்தான் வேலை. சில வருடங்களுக்கு முன் வெள்ளம் வடிந்தபோது, இடிந்த கொட்டகை ஒன்றைச் சுத்தம் செய்யப் போனாள். குப்பையில் உப்பு வாரும் வாருபலகை ஒன்று கிடந்தது. கைப்பிடியில் யாரோ ஆணியால் தன் பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். யார் அந்த ஆள் என்று ஊரெல்லாம் விசாரித்தாள். ஒருவருக்கும் தெரியவில்லை. இத்தனை உப்பு வாரிய மனுஷனை எப்படி ஒருத்தருக்கும் தெரியாமல் போகும் என்று அவளுக்குத் தாங்கவில்லை.

அன்றிலிருந்து பழசு எதைக் கண்டாலும் கேட்டு வாங்கினாள். உப்பு அளக்கும் பழைய படி, தோணித் துடுப்பு, மண்ணெண்ணெய் விளக்கு, கல்யாணப் போட்டோக்கள். கொடுத்தவர்கள் சொன்ன கதைகளை மருமகள் சந்தியா செல்போனில் பதிவு செய்தாள். எல்லாவற்றையும் ஊர் பார்க்க வைப்பதற்கு, பஞ்சாயத்தில் பூட்டிக் கிடந்த பழைய ரேஷன் கடையைத் திறந்து கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை திறப்பு என்று முடிவானது.

அந்த வாரம்தான் ஊர்க் கிழவி சவரியம்மாள் ஒரு துணி மூட்டையோடு வந்தாள். உள்ளே துருவேறிய இரும்புப் பூட்டு. நாதாங்கியை இன்னும் கவ்விப் பிடித்தபடி இருந்தது. உப்பு களவு போகிறதென்று, ஆட்கள் உள்ளே படுத்திருக்கும்போதே கொட்டகையை வெளியில் பூட்டுவது அந்தக் காலத்து வழக்கம். ஒரு புயலில் கடல் உள்ளே ஏறியது. சவரியம்மாளின் புருஷன் சூசை கூரையைப் பிய்த்து, மற்றவர்களைத் தோளில் ஏற்றி வெளியே தள்ளினான். அவனை ஏற்றிவிட ஆளில்லை. தண்ணீர் வடிந்த பிறகு கதவுப் பலகையிலிருந்து அவள் பெயர்த்தெடுத்தது இந்தப் பூட்டு. தனகோடி அதை நடு மேசையில் வைத்து, அட்டையில் சூசை பெயரையும் பூட்டிய கொட்டகையில் அவன் செத்த கதையையும் எழுதினாள்.

சனிக்கிழமை பிரபாகரன் வந்தார். அந்தக் கொட்டகை அவருடைய அப்பா காலத்தில் கட்டியது. அவர் சத்தம் போடவில்லை. அட்டையை நிதானமாகப் படித்துவிட்டு, தாலுகா ஆபீசில் வாங்கிய இறப்புப் பதிவின் நகலை எடுத்து நீட்டினார். சூசை புயலில் மூழ்கி இறந்தார் என்று இருந்தது. பூட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“கவர்மெண்டு ரெக்கார்டே இப்படித்தான் இருக்குது. எங்கப்பாவ கொலைகாரன்னு எழுதி வச்சிருக்கிற. நாளைக்கி நான் வரும்போது இது இங்க இருக்கக்கூடாது, தனகோடி.”

அவர் போன பிறகு தனகோடி புருஷன் நடராசனிடம் சொன்னாள். அவனுக்கும் அந்த அளத்தில்தான் வேலை. எடுத்துவிடு, நமக்கெதற்கு என்றான் அவன். அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. பொழுது சாய்வதற்குள் பூட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு சவரியம்மாள் வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தவள், அங்கே போனதும் பிரபாகரன் பெயரை மட்டும் சொன்னாள்.

சவரியம்மாள் கோபப்படவில்லை. பூட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒன்னிய ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ பொழைக்கணும். பூட்டு இருந்த எடத்துல நாளைக்கி நான் வந்து உக்காந்துக்கறேன்.”

சொன்னபடியே காலையில் பூட்டை மடியில் கட்டிக்கொண்டு வந்து, அந்த மேசைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். வந்த ஜனம் சும்மா போகுமா? காலி இடத்தையும் கிழவியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். என்னவென்று கேட்டவர்களுக்கெல்லாம் அவள் கதையைச் சொன்னாள். வாசலில் பிரபாகரனின் கார் வந்து நின்றது. தனகோடி பூட்டைப் பார்த்தபோது நடராசன் கண்ணால் வேண்டாமென்றான். ஆனாலும் தனகோடி குனிந்தாள். சவரியம்மாளின் மடியிலிருந்த பூட்டை எடுத்தாள். அவர் உள்ளே நுழையும் முன் மேசையில் வைத்துவிட்டாள்.

பிரபாகரன் பூட்டைப் பார்த்தார். சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தார். கையை நீட்டி எடுத்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள்.

“எங்கப்பா அன்னிக்கி சாவி எடுத்துகினு ஓடியாந்தாரு. தண்ணி கிட்ட உடல. சாவறவரைக்கும் அதையே பொலம்பினு இருந்தாரு. அத எவன் எழுதுவான்?”

“நீங்க சொல்லுங்கண்ணே, எழுதறேன்” என்றாள் தனகோடி.

சந்தியா செல்போனை நீட்டினாள். அவர் திக்கித் திக்கிச் சொன்னார். முடிந்ததும் எல்லோரும் சவரியம்மாளைப் பார்த்தார்கள்.

“வந்தாரோ இன்னாவோ, எனக்குத் தெரியாது. பூட்டு தெறக்கல. ரெண்டையும் எழுது” என்றாள் அவள்.

இரண்டும் எழுதப்பட்டன. இறப்புப் பதிவின் நகலும் பக்கத்தில் ஒட்டப்பட்டது.

உப்பு வாரும் பருவம் தொடங்கியது. நடராசனை வேலைக்குக் கூப்பிட அளத்திலிருந்து ஆள் வந்தது. தனகோடியைக் கூப்பிடவில்லை. அவள் யாரிடமும் காரணம் கேட்கவில்லை. கீழ்புத்துப்பட்டுப் பக்கம் சவுக்குத் தோப்பில் பட்டை உரிக்கப் போகிறாள். உள்ளங்கை புதிதாகக் காய்த்திருக்கிறது. ஞாயிறு மட்டும் ரேஷன் கடையைத் திறந்து வைக்கிறாள். போன வாரம் பிரபாகரனின் சம்சாரம் தனியாக வந்து, வெகுநேரம் இரண்டு அட்டைகளையும் படித்துவிட்டுப் போனாளாம்.