எனக்கு முன்பே கரையேறியவள்

காத்து, கருப்பு, பேய், பிசாசு எதையும் நான் நம்பினதில்லை. வேதியியல் படித்தவள், கல்யாணத்துக்கு முன்பு ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவள், எதையும் இரண்டு தடவை அளந்து பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து பக்கத்து வீட்டு அக்கா மிளகாய் சுற்றிப் போடச் சொன்னால் அவரோடு சண்டைக்கே போவேன். அதனால் இதைப் படித்துவிட்டு ‘பிள்ளை பெற்ற உடம்பு, தூக்கமில்லை, ஏதோ மனக்குழப்பம்’ என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அதை ஏற்கெனவே நிறையப் பேர் என் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள். எனக்கு இதில் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். இன்றைக்கும் ஆறவில்லை.

மூக்கண்டப்பள்ளியில் வாடகை வீடு. கணவர் ஷிப்ட் வேலை. மகள் யாழினிக்கு மூன்று வயது. பிரசவத்துக்குப் பிறகு வந்த முதுகுவலிக்காக டாக்டர் நீச்சல் பழகச் சொன்னார், அப்படித்தான் ஆரம்பித்தது. பிறகு சைக்கிள், பிறகு ஓட்டம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சர்வீஸ் ரோட்டில் விடியற்காலையில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்து, இட்லி ஊற்றி, அவருக்கு டிபன் கட்டி, பிள்ளையைக் குளிப்பாட்டி, இதில் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனாலும் ஒவ்வொரு நாளும் ஷூ லேஸ் கட்டும்போது, நான் செய்வது சரிதானா, பிள்ளை எழுந்து என்னைத் தேடுமா என்று பத்து தடவை யோசிப்பேன். நான் யோசிக்காவிட்டாலும் அவர் யோசிக்க வைப்பார்.

பேரிகைப் பக்கம் ஓர் ஏரியில் உள்ளூர்க்காரர்கள் சேர்ந்து ஒரு டிரையத்லான் நடத்தினார்கள். முதலில் ஏரியில் நீச்சல், அப்புறம் சைக்கிள், அப்புறம் ஓட்டம், மூன்றையும் இடைவிடாமல் முடிக்க வேண்டும். நான் பேர் கொடுத்துவிட்டு வந்த அன்று அவர் சொன்னார்: “இந்த ஒரு தடவ போய்ட்டு வா ரேவதி. முடிக்க முடியலன்னா இதோட விட்டுடு. பிள்ளைய பாரு.” சரி என்றேன். அதாவது முடித்தே ஆக வேண்டும், இல்லையென்றால் மறுபடி அந்தச் சமையலறைதான். எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

அங்கே ஒரு வழக்கம் உண்டு, அதைச் சொன்னால்தான் உங்களுக்குப் புரியும். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற ரப்பர் தொப்பி, கையில் மார்க்கர் பேனாவால் எண். தண்ணீரில் இறங்கும்போது தலையை எண்ணுவார்கள். கரையேறும்போது ஒரு பெண் கையிலிருக்கும் எண்ணைப் பார்த்துக் கத்துவாள். இறங்கினவர்களும் ஏறினவர்களும் சரியாகிவிட்டால் ஏரியில் யாரும் இல்லை என்று அர்த்தம், காவலுக்கு நிற்கும் பரிசலைக் கரைக்கு இழுத்துவிடலாம். நல்ல முறைதான். நான் வேலை பார்த்த இடத்திலும் பெட்டிகளை அப்படித்தான் எண்ணுவோம்.

அன்று காலை பனி. ஓசூர்ப் பக்கத்துப் பனி தெரிந்தவர்களுக்குத் தெரியும், எதிரே நிற்கிறவர் முகம்கூடக் கலங்கலாகத்தான் இருக்கும். கணவரும் யாழினியும் ஏரிக்கரை மேல் நின்றார்கள், பிள்ளைக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டிருந்தேன். தண்ணீரில் இறங்கியதும் குளிர் நெஞ்சைப் பிடித்தது. ஏரியில் மிதவைகளைச் சுற்றி இரண்டு சுற்று வர வேண்டும். முதல் சுற்று முடியும்போதே எனக்கு மூச்சு வாங்கியது, மிதவையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் தொங்கினேன், அது விதிப்படி தப்பில்லை. பெண்கள் நாங்கள் நான்கு பேர், மற்ற மூவரும் எனக்கு முன்னால் போய்விட்டார்கள். மூச்சு திரும்பியதும் இரண்டாவது சுற்றைத் தொடங்கினேன்.

பாதி தூரம் போயிருப்பேன். பரிசல்காரரின் துடுப்புச் சத்தம் கரைப் பக்கமாக விலகிப் போவது கேட்டது. “அண்ணா, நான் இருக்கேன்!” என்று கத்தினேன். பனியில் என் குரல் எனக்கே திரும்பி வந்தது. அப்போது கரையில் மைக் பேசியது: “நீச்சல் முடிஞ்சிருச்சு, எல்லாரும் பத்திரமா வெளிய வந்துட்டாங்க, ஒரு பெரிய கைதட்டல் குடுங்க!”

கை தட்டினார்கள். நம்பினால் நம்புங்கள், அந்தக் கைதட்டலை நான் ஏரி நடுவில் தண்ணீருக்குள் இருந்துகொண்டு கேட்டேன்.

கோபம் இல்லையென்றால் அன்று நான் கரை சேர்ந்திருக்க மாட்டேன். ஒவ்வொரு கை வீச்சுக்கும் ஒருத்தரைத் திட்டினேன். காலில் பாசி தட்டியதும் எழுந்து நின்று, தடுமாறி ஏறினேன். எண் கத்தும் பெண் நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

“அக்கா, நீங்க அப்பவே வந்துட்டீங்களே!”

“எப்படிம்மா வருவேன்? இப்பத்தான வரேன்!”

“இல்லக்கா, உங்க நம்பர நான்தான் கத்தினேன். இருபத்தேழு. கைய நல்லா பாத்தேன்.”

போட்டி நடத்தின மஞ்சுநாத் ஓடி வந்தார். “ஏனு மேடம், என்னாச்சு? கவுண்ட் சரியா இருந்துச்சே, அப்புறம்தான் பரிசல எடுக்கச் சொன்னேன்.”

“உள்ள ஒருத்தி செத்துட்டு இருந்தாலும் உங்களுக்குக் கவுண்ட் சரியா இருக்கும் இல்ல?”

“கோவப்படாதீங்க மேடம். வேணும்னா இங்கயே நிறுத்திக்கலாம், நான் மெடல் குடுத்துடறேன்.”

அந்தப் பெண் எண்ணைத் தப்பாகப் படித்துவிட்டாள் என்றுதான் அப்போது நினைத்தேன். மெடல் கொடுக்கிறேன் என்று அவர் சொன்னதுதான் என்னைச் சைக்கிளில் ஏற்றியது. கரை மேல் கணவர் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயம். மிதித்தேன். கர்நாடக எல்லை வரை போய்த் திரும்பி, பிறகு ஏரிக்கரை மேல் ஓடி, கடைசி ஆளாக முடித்தேன். ஷாமியானாவைப் பாதி அவிழ்த்திருந்தார்கள். ஆனால் முடித்தேன்.

முடித்ததும் அவரைத் தேடிப் போனேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்க்கவில்லை, ஆனால் அப்படி ஒரு முகத்தையும் எதிர்பார்க்கவில்லை. யாழினி அழுது ஓய்ந்து அவர் தோளில் கிடந்தாள்.

“பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லிட்டு, நான் திரும்பறதுக்குள்ள சைக்கிள எடுத்துட்டுப் போயிட்ட. போறவ எதுக்குடி சொன்ன?”

“என்ன சொன்னேன்?”

“இனிமே எங்கயும் போ மாட்டேன்னு.”

நான் தண்ணீரிலிருந்து நேராகக் கரை மேல் ஏறி வந்தேனாம். யாழினியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கல்லில் உட்கார்ந்தேனாம். இனிமேல் எங்கேயும் போக மாட்டேன் பாப்பா என்று சொன்னேனாம். மைக்கில் கை தட்டச் சொன்னபோது பிள்ளையின் கையைப் பிடித்து நானே தட்ட வைத்தேனாம். பிறகு துண்டு எடுத்து வருகிறேன் என்று ஷாமியானாவுக்குப் பின்னால் போனேனாம்.

“அது நான் இல்லங்க. அப்ப நான் தண்ணில இருந்தேன்.”

“விளையாடாத.”

“அஞ்சு வருஷமா கூட வாழறவ. அடையாளம் தெரியாதா உங்களுக்கு?”

“உன் மூஞ்சி எனக்குத் தெரியாதா? நீதான். ரொம்ப நாள் கழிச்சு என்னப் பாத்து நல்லா சிரிச்ச.”

அந்த இடத்தில்தான் எனக்கு நிஜமாகவே வெறி வந்தது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை, ஏனென்றால் அவர் கேட்க ஆசைப்பட்டதை அவள் சொன்னாள். வந்தது எதுவாக இருந்தாலும், போக மாட்டேன் என்று சொன்ன உடனே அது அவர் பெண்டாட்டி ஆகிவிட்டது. முடித்துவிட்டு வியர்வையோடு நின்ற நான்தான் அவருக்கு அந்நியமாகத் தெரிந்தேன்.

யாழினியை வாங்கினேன். ஸ்வெட்டர் இரண்டும் முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தன, ஏரி வாடை அடித்தது. அவர் தண்ணீர்ப் பக்கமே போகவில்லை என்றார். பிள்ளை என் கழுத்தில் கை போட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டாள்.

“ஏம்மா நீ சுடற?”

“ஓடி வந்தேன்ல பாப்பா.”

“அப்ப ஜில்லுனு இருந்தியே.”

மஞ்சுநாத்திடம் கேட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “மேடம், இத வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போட்றாதீங்க” என்றார். ஒருத்தியைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் பரிசலை எடுத்த மனிதர் பேசுகிற பேச்சா இது? இறங்கினவர்களைவிட ஏறினவர்களில் ஒரு தலை அதிகம், அதைப் பற்றி அன்றிலிருந்து இன்றுவரை ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. மற்ற மூன்று பெண்களும் அந்த நேரம் சைக்கிளில் இருந்தார்கள், நானே விசாரித்துவிட்டேன். கணவரின் போனில் பிள்ளைக்குக் கார்ட்டூன் ஓடிக்கொண்டிருந்ததால் படமும் இல்லை.

இப்போதும் ஓடுகிறேன், மிதிக்கிறேன். வீட்டில் சண்டை வந்தால் அவர் சிரித்துக்கொண்டே, “அன்னைக்கி வந்தவ எவ்வளவோ தேவல” என்பார். ஒரு தடவை கையிலிருந்த டம்ளரை விட்டெறிந்தேன். அவர் தமாஷ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்றை மட்டும் அவரிடம் நான் சொல்லவில்லை. யாரிடமும் சொன்னதில்லை. மிதவையைப் பிடித்துத் தொங்கினேன் என்றேனே, அப்போது செத்துப்போவேன் என்று பயந்து, வாய்விட்டே சொன்னேன்: “இனிமே எங்கயும் போ மாட்டேன் பாப்பா.” பரிசல் தூரத்தில் இருந்தது, சுற்றிலும் பனி, யாருக்கும் கேட்டிருக்காது. சொல்லி முடித்ததும் உடம்பு சட்டென்று லேசானது, என் மேலிருந்து யாரோ இறங்கிப் போன மாதிரி. அந்த லேசில்தான் இரண்டாவது சுற்றே போனேன்.

இதைச் சொன்னால் அவர், “பாத்தியா, அப்ப வந்தது நீதான்” என்று முடித்துவிடுவார். முடிக்க விட மாட்டேன். வந்தவள் எனக்குள்ளிருந்து போனவளாகவே இருக்கட்டும், அவளுக்குப் பரிசல் காவல் இருந்தது, கரையில் புருஷன் பிள்ளை இருந்தார்கள், கைதட்டலும் கிடைத்தது. அத்தனை பேரும் கை தட்டும்போது ஏரியில் தனியாகக் கிடந்தது நான்தான்.